அந்த வீடியோவைச் சத்தத்தோடு போடுங்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள்.

கென்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளி, சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, எங்கள் லைனில் வேலை செய்கிற எல்லோரையும் உட்கார வைத்து நடத்திய கூட்டத்தில் பொய் சொன்னீர்கள். "இந்த வீடியோ எடுக்கும்போது இந்தப் பெண்ணுக்கு யாராவது உதவி செய்தார்களா?" என்று மெனேஜர் சிங்களத்தில் கேட்டார். "நே சேர், தனியம கலே" என்றீர்கள். இல்லை சேர், தனியாகத்தான் செய்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

உங்கள் பெயரை எழுதமாட்டேன். கம்பனியின் பெயரையும் எழுதமாட்டேன். இதை வாசித்தால் உங்களுக்குத் தெரியும். வாசிக்காவிட்டால் யாராவது வாசித்துச் சொல்வார்கள். கொழும்பு பெரிய நகரம்தான். ஆனால் வெள்ளவத்தையில் ஒருவர் தும்மினால் கொட்டாஞ்சேனையில் கேட்கிற அளவுக்குத்தான் எங்கள் ஆட்களுக்கு அது பெரிது.

மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் வேலை. வெளிநாட்டுக்குப் போகிற பரிசுப் பெட்டிகளை அடைக்கிறோம். தட்டையாக வரும் அட்டையை மடித்துப் பெட்டியாக்க வேண்டும். தேயிலைப் பைக்கற்றுகளைப் போய் எடுத்து வர வேண்டும். உள்ளே அடுக்கி, ஒரு சின்ன வாழ்த்து அட்டை வைத்து, மூடி, தங்க நிற ஸ்டிக்கரை உரித்து ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் கோணினால் பெட்டி திரும்பி வரும். மின்விசிறி போட்டால் அட்டை பறக்கும் என்று மின்விசிறி போடமாட்டார்கள். தலையில் வலைத்தொப்பி. பின்னேரம் ஆனால் நெற்றியில் அதன் தழும்பு. வேலை இவ்வளவுதான். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்று நினைக்கிறவர்கள், என் எதிர் மேசையில் இருந்தவளைப் பார்த்ததில்லை.

அவள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட இளையவள். எங்கள் லைனிலேயே வேகமானவள், அதை எல்லோருக்கும் சொல்லிக்காட்டவும் செய்வாள். "அக்கா, நீங்க ஒன்னு ஒட்டி முடிக்கிறதுக்குள்ள நான் தேத்தண்ணி குடிச்சிட்டே வந்துருவேன்" என்பாள். எனக்கு எரிச்சல் வரும். சில நாட்களில் நானும் அவளும் கதைப்பதே இல்லை. அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அப்படி இருந்தால்தான் அவளுக்காகப் பேசலாம் என்று சட்டம் இல்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். வேலை ஆய்வு அதிகாரி, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அளக்கிறவர். வெள்ளவத்தைப் பிள்ளை. எங்கள் தளத்தில் கழுத்தில் அடையாள அட்டை போட்டுக்கொண்டு தமிழில் கதைத்த முதல் அதிகாரி நீங்கள். எங்களுக்கு என்ன சந்தோசம். முதல் நாளே "அக்கா, என்ன செய்யிறியள், சுகமோ?" என்று கேட்டீர்கள். சுப்பவைசருக்குச் சிங்களத்தில் சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் உங்களிடம் சொன்னோம். இடுப்பில் நாரி நோவு, கதிரையின் உயரம், கழிவறைப் பூட்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடமாட்டீர்கள் என்று தெரிந்து நான் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டு வந்தேன். சாப்பிட்டீர்கள். "அம்மான்ர கை மாதிரி இருக்கு" என்றும் சொன்னீர்கள். உங்களை நாங்கள் 'வீடியோத் தம்பி' என்று கூப்பிட்டோம். இனிக் கூப்பிடமாட்டேன்.

உங்களிடம் மூன்று கால் தாங்கியில் கமெரா உள்ள ஒரு டெப் இருந்தது. அதில் எங்களைப் படம் எடுத்து, பிறகு லெப்டொப்பில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டுவீர்கள். எப்படி என்று நீங்களே ஆசையாகக் காட்டினீர்கள். வீடியோவுக்குக் கீழே ஒரு நீளக் கோடு. கை பெட்டியைத் தொட்டால் பச்சை. கை எதையாவது தேடினால் மஞ்சள். கை சும்மா நின்றால், முகம் துடைத்தால், தொப்பியைச் சரிசெய்தால் சிவப்பு. சிவப்பு எல்லாம் வீண். வீணைக் கழித்துவிட்டால் ஒரு பெட்டிக்கு எத்தனை செக்கன் வேண்டும் என்று அதுவே சொல்லும். "மனிசர் பிழை விடுவினம் அக்கா, இது விடாது" என்றீர்கள். படித்த பிள்ளை சொல்கிறது, சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் வேலை முடிகிற நேரம் வந்து, "நாளைக்கு வீடியோ எடுக்கப் போறன்" என்றீர்கள். அவளைத்தான் எடுக்கப் போகிறேன் என்றும் சொன்னீர்கள்.

எங்கள் ஆட்களிடம் போய் வீடியோ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கு வீடியோ என்றால் கல்யாணம், பெண் வயதுக்கு வந்தால் செய்யும் சாமத்தியவீடு. வீடியோக்காரர் வருகிறார் என்றால் வீட்டில் இருக்கிற கிழிந்த பாயெல்லாம் அறைக்குள் போகும். தட்டில் பழம் கோபுரமாக ஏறும். ஒரு மாமி கமெராவுக்கு வெளியே குனிந்து நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பெண் குனிந்து தேட வேண்டியதில்லை, வியர்வை துடைக்க வேண்டியதில்லை. அந்த மாமியின் கை படத்தில் வந்தால் வீடியோக்காரர் ஏசுவார். எங்களில் எல்லோரும் வாழ்நாளில் ஒரு தரமாவது அந்த மாமியாக நின்றிருக்கிறோம்.

அடுத்த நாள் அவள் ஓவரோலைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். முகத்தில் பவுடர். கையில் கண்ணாடி வளையல். தளத்தில் வளையல் போடக்கூடாது, அது அவளுக்கும் தெரியும்.

"என்னக்கா, பவுடர் கூடிப்போச்சா?"

"மாவுக்குள்ள விழுந்த எலி மாதிரி இருக்கிறாய்" என்றேன்.

பக்கத்து மேசையில் இருக்கும் முஸ்லிம் பெண்ணை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். ராத்தா சும்மா இருக்கமாட்டார். "பொண்ணு ரெடி. மாப்புள எங்க?" என்று கேட்டார்.

"மாப்புள லீவாம் ராத்தா" என்றாள் இவள்.

"அப்ப கமெராக்காரத் தம்பிக்கே கட்டி வைப்பம்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, டெப்பை ஓட விட்டபடியே, உங்கள் அக்காவின் கல்யாணத்தில் வீடியோக்காரர் தாலியை இரண்டாம் தரம் தூக்கிக் காட்டச் சொன்ன கதையைச் சொன்னீர்கள். ஐயர் கோபித்தாராம். உங்கள் அத்தான் தூக்கிய கையோடு நின்றாராம். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். ஆகவே உங்களுக்குத் தெரியும். வீடியோ என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துதான் நின்றீர்கள்.

நாங்கள் செய்தோம். ஒளித்துச் செய்யவில்லை, உங்கள் கண்ணுக்கு முன்னால் செய்தோம். நான் அட்டைகளை முன்கூட்டியே மடித்து அவளுடைய இடது பக்கத்தில் அடுக்கினேன். ராத்தா ஸ்டிக்கர்களை உரித்து மேசை விளிம்பில் நுனி மட்டும் ஒட்டி வரிசையாக விட்டார். இன்னொருத்தி பைக்கற்றுகளை எடுத்து வந்து கொட்டினாள். அவள் செய்தது அடுக்குவதும் மூடுவதும் ஒட்டுவதும். கை பறந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. எங்கள் லைன் எப்படி என்று மேலே இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

நடுவில் ஒரு அடுக்கு முடிந்தது. நான் அடுத்த அடுக்கை நீட்டினேன். அப்போது நீங்கள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன்:

"அக்கா, உங்கட கை வீடியோவுக்குள்ள வருது. கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ."

எடுத்தேன்.

முடிவில் அவள் நிமிர்ந்து கமெராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பல் எல்லாம் தெரிய. பிறகு நாங்கள் எல்லோரும் டெப்பைச் சுற்றி நின்று பார்த்தோம். சத்தத்தோடு பார்த்தோம். ராத்தாவின் குரல், என் இருமல், உங்கள் குரல், எல்லாம் அதில் இருந்தது. "என்ட குரல் இப்பிடியா? கழுத மாதிரி" என்று ராத்தா தலையில் அடித்துக்கொண்டார். அவள் மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோவில் இருந்து ஒரு எண் வந்தது. ஒரு பெட்டிக்கு இத்தனை செக்கன். லைனுக்கு மேலே பலகையில் ஏற்றினார்கள். அந்த எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன், அது பொய் எண். நான்கு பேரின் வேலையை ஒருத்தியின் கையில் வைத்து எடுத்த எண். அன்றிலிருந்து ஒவ்வொருத்தியும் தானே அட்டை மடித்து, தானே போய்ப் பைக்கற்று எடுத்து, தானே ஸ்டிக்கர் உரித்து, அந்தச் செக்கனுக்குள் முடிக்க வேண்டும்.

என்னால் முடியவில்லை. யாராலும் முடியவில்லை. ராத்தா தண்ணீர் குடிப்பதை விட்டார், குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும் என்று. ஒருத்தி மற்றொருத்தியோடு கதைப்பதும் நின்றது. முன்பெல்லாம் ஒருத்திக்கு முடியாத நாளில் பக்கத்தில் இருப்பவள் அவளுக்கும் சேர்த்து இரண்டு அட்டை மடித்துப் போடுவாள். அதுவும் நின்றது. கொஞ்ச நாளில் நீங்கள் மறுபடி டெப்போடு வந்தீர்கள். இந்த முறை யாரும் பவுடர் போடவில்லை. எங்கள் கோடுகளெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக வந்தன என்றீர்கள். "அக்காமாரே, நீங்கள் வேணுமெண்டு மெதுவாச் செய்யிறியள் எண்டு மேல நினைக்கினம்" என்று ஏதோ உதவி செய்கிறவர் போலச் சொன்னீர்கள்.

ஆனால் எங்களை விட்டுவிட்டு அவளைப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு முடியாது என்றால் பழக்கம் போதாது என்று சொல்லலாம். அவளுக்கு என்ன சொல்வது? அது அவளுடைய கை, அவளுடைய செக்கன். உன்னால் முடிந்ததுதானே, இப்போது ஏன் முடியாது என்று சுப்பவைசர் ஒவ்வொரு நாளும் கேட்டார். ஏதோ பிடிவாதம், ஏதோ கோபம், யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார்கள். அவளை லைனில் இருந்து எடுத்து, விழுந்த அட்டை பொறுக்கிக் கூட்டித் துடைக்க விட்டார்கள். அவளுக்கு நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம்தான். இந்த மாதம் முடிந்தால் வர வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் அவள் மீதும் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. தேத்தண்ணி நேரத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன்டி பேசாமல் இருக்கிறாய்? நாங்கள் உதவி செய்தனாங்கள் எண்டு சொல்லன்."

"என்னத்த சொல்ல? வீடியோல நான் தானே இருக்கேன்."

"பெட்டி மடிச்சது ஆர்?"

"அது ஒரு கை கொடுத்தீங்க. அதுக்காக? அன்னைக்கு முடிஞ்சிச்சிதானே அக்கா. இப்ப முடியல்ல. எனக்குத்தான் என்னமோ." கையை விரித்து விரித்து மூடினாள். "நரம்பு கோளாறா இருக்குமோன்னு டொக்டர்கிட்ட காட்டினேன். ஒன்னுமில்லன்னாரு. அவருக்கு என்ன தெரியும்."

நான் கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே கீழே ஊற்றிவிட்டேன். எங்கள் லைனிலேயே வேகமானவள், தன் கை கெட்டுப்போய்விட்டது என்று டொக்டரிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். வேலையைப் பறிப்பதைக் கம்பனிகள் எப்போதும் செய்கின்றன. அவளுக்கு அவள் மீது இருந்த நம்பிக்கையைப் பறித்தது நீங்கள்.

அதனால்தான் அந்தக் கூட்டத்தில் நான் எழும்பினேன். நீங்கள் சீலையில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினீர்கள். சத்தம் இல்லை. கிட்ட இழுத்து, மேசையின் நடுப்பகுதி மட்டும் தெரிகிற மாதிரி வெட்டியிருந்தீர்கள். நானும் இல்லை, ராத்தாவும் இல்லை. மடித்த பெட்டிகள் ஓரத்தில் தாமாக முளைத்து வந்தன. கடைசியில் அவள் சிரித்த இடத்தைத் தேடினேன். அதுவும் இல்லை. சிரிப்பு வீண் என்று வெட்டியிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் சொன்னேன். பெட்டி மடித்தது நான், ஸ்டிக்கர் உரித்தது ராத்தா, வீடியோ எடுத்த இவரும் பார்த்துக்கொண்டு நின்றார் என்றேன். ராத்தாவும் எழும்பி, "ஓம், நானும்தான்" என்றார். மெனேஜர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். நீங்கள் சரியான பதிலைச் சொல்லியிருந்தால் அந்தப் பலகை அன்றே இறங்கியிருக்கும். "நே சேர், தனியம கலே."

அவள் பின்னால் துடைப்பத்தோடு நின்றாள். நீங்கள் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். தனியாகத்தான் செய்தேன் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்தேன். உங்கள் வீடு தேடி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை மரக்கறிக் கடைக்குக் கூட்டி வருவேன் என்று நீங்களே ஒரு நாள் சொன்னது ஞாபகம் இருந்தது. காலி ஊருக்குப் போகிற பெரிய வீதியான காலி வீதியில் வெயிலுக்குள் நின்றேன். முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருந்த பையோடு வந்தீர்கள். என்னைக் கண்டதும் அம்மாவை முன்னால் போகச் சொன்னீர்கள்.

"அக்கா, இஞ்ச ஏன் வந்தனீங்கள்?"

"மெனேஜருக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"மெதுவாக் கதையுங்கோ. நான் ஒண்டும் பொய் சொல்லேல்ல. மெயின் வேலையைச் செய்தது அவதானே."

"என்ர கையை எடுக்கச் சொன்னது ஆர்?"

நீங்கள் பையை மற்றக் கைக்கு மாற்றினீர்கள். "அக்கா, நான் புதுசு. நல்ல எண் ஒண்டு எடுத்துக் காட்டச் சொன்னவை. இப்ப பிழை எண்டு சொன்னால் நான் செய்த எல்லா லைனையும் திருப்பிப் பாப்பினம். என்ர வேலை போயிடும்."

"அவளின்ர வேலை?"

"அவவுக்கு வேற எங்கயாவது கிடைக்கும் அக்கா."

இதை நீங்கள் இலகுவாகச் சொன்னீர்கள். முருங்கைக்காய் இங்கே விலை, வேறு கடையில் பார்ப்போம் என்கிற மாதிரி.

"வீடியோவை அழிச்சிட்டியளோ?" என்று கேட்டேன்.

"இல்ல. முழுசா ஒஃபிஸ் கம்பியூட்டரில இருக்கு. ஆனால் சத்தம் தேவையில்ல எண்டு ஒருத்தரும் போட்டுப் பாக்கமாட்டினம்."

வாய் தவறித்தான் சொன்னீர்கள். சொன்ன பிறகு உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அம்மா கடை வாசலில் நின்று, "ஆரப்பு அது?" என்று கேட்டார். "வேலை செய்யிற இடத்து அக்கா" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "வீட்ட வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார். வரவில்லை அம்மா என்றேன். உங்கள் வண்டவாளத்தை நடுவீதியில் வைத்து அவரிடம் சொல்லாமல் விட்டேன். அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுவதும் என் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். விரல் நுனியெல்லாம் அட்டை வெட்டிய கீறல். இந்தக் கையைத்தான் பின்னுக்கு எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். இப்போது திரும்ப நீட்டுகிறேன்.

மாதம் இன்னும் முடியவில்லை. ராத்தாவும் நானும் மெனேஜரிடம் போய், அந்த வீடியோவை வெட்டாமல், பெரிதாக்காமல், சத்தத்தோடு எல்லோருக்கும் முன்னால் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆகவே பந்து உங்கள் காலடியில்தான் கிடக்கிறது, வேறு யாரையும் காட்டித் தப்ப முடியாது.

போடுங்கள். அதே கென்டீனில், அதே சீலையில். ராத்தாவின் கழுதைக் குரல் வரட்டும், என் இருமல் வரட்டும், உங்கள் அத்தானின் தாலிக் கதையும் வரட்டும். அவளை முன் வரிசையில் உட்கார வையுங்கள், துடைப்பத்தோடு பின்னால் நிற்க வைக்காதீர்கள். உங்கள் குரல் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு எழும்பி நின்று, எனக்கு இல்லை, அவளுக்குப் பதில் சொல்லுங்கள். தமிழிலும் சொல்லுங்கள், மெனேஜருக்கு விளங்கச் சிங்களத்திலும் சொல்லுங்கள்.

அவள் தனியாகத்தான் செய்தாளா? அப்படியென்றால் யாருடைய கையைப் பின்னுக்கு எடுக்கச் சொன்னீர்கள்?